முகநூலில் எழுதியதற்கு 3 லட்சம் வெள்ளி கேட்கிறார்கள்: வாசகிக்கு வழக்கறிஞரின் பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத் தென்பகுதியில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்திலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன். நோட்டீஸ் கெடு நெருங்கியதால் பதிலை அவருக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்று அவரே சொன்னதால் இப்போது வெளியிடுகிறோம்.

அவருக்கு 38 வயது. கடைவரிசையில் தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் பக்கத்துச் செம்பனை ஆலையில் பாய்லர் பிரிவில் வேலை செய்கிறார்; குடும்பம் இன்னமும் நிர்வாகம் கொடுத்த லயத்து வீட்டில்தான். ஊர்ச் செய்திகளுக்காக இவர் தொடங்கிய முகநூல் குழுவில் இப்போது நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். இரவு முழுக்க மழை கொட்டிய ஒரு நாளின் மறுநாள் காலை, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுத் திரும்பும் வழியில், பாலத்தடியில் ஆறு கறுத்து நுரைத்து ஓடுவதையும், கரையில் மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறார். பாலத்தில் நின்றபடியே காணொளி எடுத்துக் குழுவில் போட்டு, அதோடு நான்கு வரி எழுதினார்: “பாருங்கள், நம் ஆறு கறுப்பாக ஓடுகிறது. மீனெல்லாம் செத்து மிதக்கிறது. இந்த மில் நம் பிள்ளைகளுக்கு விஷம் கொடுக்கிறது. மேனேஜர் அதிகாரிகளுக்குக் காசு கொடுத்து வாயை அடைத்துவிட்டார்.”

இரண்டு நாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட கருத்துகள். ஒருவர் மேலாளரின் வீட்டு முகவரியையும் கார் எண்ணையும் போட்டார். இன்னொருவர் மேலாளரின் இனத்தையே இழுத்துத் திட்டினார். சிலர் வாசகியின் நடத்தையைப் பற்றி அசிங்கமாக எழுதினார்கள். கணவர் அந்தப் பதிவை ஆலைத் தொழிலாளர்களின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் பகிர்ந்தார். அடுத்த வாரம் மூன்று கடிதங்கள் வந்தன. ஏழு நாளில் பதிவை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, 3 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) இழப்பீடு தர வேண்டும் என்று ஆலை நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து ஒன்று. வாக்குமூலம் கொடுக்க வரும்படி போலீஸிடமிருந்து ஒன்று. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கணவரிடம் ஆலை நிர்வாகம் காரணம் கோரும் கடிதம் ஒன்று.

“இது ஜனநாயக நாடுதானே, உண்மையைத்தானே சொன்னேன், மற்றவர்கள் எழுதியதற்கு நான் எப்படிப் பொறுப்பு?” என்று கேட்கிறார். சட்டம் படிக்கும் அக்காள் மகன், “கேள்விப்பட்டேன் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள் சின்னம்மா, ஒன்றும் பண்ண முடியாது” என்றாராம். கடைசிப் பக்கத்தில், “இனி வாயையே திறக்க மாட்டேன் ஐயா, கணவர் வேலை போனால் வீடும் போய்விடும்” என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி,

உங்கள் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கையில் இருப்பதால், பட்டணத்து வீட்டு வாசலில் நின்று பேசுகிறவர்களைவிட உங்களுக்கு ஆபத்து அதிகம். ஆனாலும் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு சொல்கிறேன்: நீங்கள் செய்ததில் பெரும்பகுதி சட்டப்படி தாங்கக்கூடியது. தாங்க முடியாத பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் ஆற்று விவகாரமும் சேர்ந்து மூழ்கிவிடும்.

அரசியலமைப்பு எதுவரை துணை நிற்கும்

கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது விதி குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமை தருகிறது. அதே விதியின் இரண்டாம் உட்பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகிய காரணங்களுக்காக அந்த உரிமையைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1971இல், குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் மற்றும் சபா, சரவாக் பூர்வகுடியினரின் சிறப்புநிலை, ஆட்சியாளர்களின் இறைமை ஆகியவற்றைக் கேள்வி கேட்பதையே தடைசெய்யும் அதிகாரமும் சேர்க்கப்பட்டது. ஆகவே “ஜனநாயக நாடு” என்ற ஒன்றை மட்டும் சொல்லி உங்கள் வழக்கை நடத்த முடியாது. எந்தச் சட்டம், எந்த வரி, என்ன ஆதாரம் என்றுதான் கேட்பார்கள்.

ஒரு கம்பெனி எப்படி மானம் போனது என்று வழக்குப் போடலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடலாம். மாநில அரசாங்கமே அவதூறு வழக்குப் போடலாம் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. ஆளை மிரட்டி வாயடைப்பதற்காகவே தொடுக்கப்படும் வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும் தனிச் சட்டம் சில நாடுகளில் உண்டு. நம்மிடம் இல்லை. அது இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் உங்கள் நோட்டீஸுக்கு இன்றுள்ள சட்டத்தை வைத்துத்தான் பதில் எழுத வேண்டும்.

உங்கள் நான்கு வரிகள்

அவதூறு வழக்கில் உண்மை முழுமையான எதிர்வாதம். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை சொன்னவர் தலையில் விழுகிறது. கம்பெனி தன்னை நல்லவன் என்று காட்டத் தேவையில்லை. நீங்கள்தான் சொன்னது உண்மை என்று காட்ட வேண்டும். இந்தக் கண்ணோடு உங்கள் பதிவை வரி வரியாகப் பாருங்கள்.

முதல் இரண்டு வரியைக் காணொளியே பேசும். நீங்கள் பொதுப் பாலத்தில் நின்று எடுத்தது, தேதியும் நேரமும் கைப்பேசிக் கோப்பிலேயே பதிந்திருக்கிறது. அந்த மூலக் கோப்பை வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், அப்படியே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். அந்தக் கைப்பேசியை இப்போது மாற்றவோ பழுதுபார்க்கக் கொடுக்கவோ வேண்டாம்.

மூன்றாவது வரியில் “விஷம்” என்று எழுதிவிட்டீர்கள். செம்பனை ஆலையின் கழிவுநீரில் நச்சு ரசாயனம் கலப்பதில்லை; பழத்தை நீராவியில் வேகவைத்துப் பிழியும்போது வரும் எண்ணெய்ப் பிசுக்கும் சக்கையும்தான் அது. அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள உயிர்வாயுவை உறிஞ்சிவிடுவதால் மீன் மூச்சு முட்டிச் சாகிறது. இதை அளக்க பி.ஓ.டி. என்ற கணக்கு உண்டு. சுத்திகரிக்காத கழிவில் அது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977இல் வந்த செம்பனை ஆலை விதிமுறைகள் அதைப் படிப்படியாக 100க்குக் கொண்டுவந்தன. குளம் குளமாகத் தேக்கிவைத்துப் பிறகு வெளியே விடுவது இதற்காகத்தான். ஆகவே ஆலை தவறே செய்திருந்தாலும் உங்கள் வரி பொய்யாகிவிடும் வாய்ப்பு இருக்கிறது. “ஆலைக் கழிவு கலந்ததா என்று சுற்றுச்சூழல் இலாகா உடனே சோதிக்க வேண்டும்” என்று எழுதியிருந்தால் யாரும் உங்களைத் தொட்டிருக்க முடியாது.

நான்காவது வரிக்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? கடிதத்தில் தேடினேன். “ஊரே பேசிக்கொள்கிறது” என்று மட்டும் இருக்கிறது. லஞ்சம் கொடுத்தார் என்பது ஒரு மனிதரைக் குற்றவாளி என்று சொல்வது. ஊர் பேசியதைத் திரும்பச் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் நீங்களே சொன்னதாகத்தான் அர்த்தம். அக்காள் மகன் சொன்ன “கேள்விப்பட்டேன்” இங்கே உதவாது. தம்பி அவதூறுப் பாடத்தை இன்னொரு முறை படிக்கட்டும். இது கருத்துதான், நியாயமான விமர்சனம்தான் என்றும் வாதாட முடியாது. அந்த வாதம் உண்மையான விவரத்தின் மேல் எழுப்பும் அபிப்பிராயத்துக்குத்தான் பொருந்தும். இந்த வரியை விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

பகாங் ரவுப்பில் புக்கிட் கோமான் தங்கச் சுரங்க விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சயனைடு பயன்படுத்துவதை எதிர்த்த குடியிருப்பாளர் குழுவின் பெண்மணி ஒருவர் மேல் சுரங்க நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றத்திலிருந்து கூட்டரசு நீதிமன்றம்வரை போய், 2019இல் அந்தப் பெண்மணியே வென்றார். அதே சுரங்கத்தைப் பற்றிச் செய்தி வெளியிட்ட மலேசியாகினி இணையச் செய்தித்தளமோ 2021இல் கூட்டரசு நீதிமன்றத்தில் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தோற்றது. இழப்பீடும் செலவும் சேர்ந்து ஐந்தரை லட்சம் வெள்ளி. ஊர் ஒன்று, சுரங்கம் ஒன்று, முடிவு இரண்டு. சாதாரணக் குடியிருப்பாளர் பெரிய நிறுவனத்தை எதிர்த்து ஜெயிக்க முடியும் என்பதற்கு அந்தப் பெண்மணி சாட்சி. ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மற்றவர்கள் எழுதிய கருத்துகள்

இதில்தான் நீங்கள் அதிகம் தவறாக நினைத்திருக்கிறீர்கள். 2012 முதல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு இருக்கிறது. ஒரு பக்கத்தின் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ யார் பெயர் தெரிகிறதோ, அதில் வெளியானதை அவரே வெளியிட்டதாகச் சட்டம் ஊகிக்கும். இல்லை என்று அவர்தான் காட்ட வேண்டும். வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக மலேசியாகினிக்கு நீதிமன்ற அவமதிப்பு என்று 2021 பிப்ரவரியில் 5 லட்சம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. போலீஸ் தொடர்புகொண்ட சில நிமிடங்களில் அவற்றை நீக்கியும் பயனில்லை. வாசகர்கள் சில மணி நேரத்தில் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். தையல் கடை வைத்திருக்கும் உங்களுக்கு அப்படி யார் திரட்டுவார்கள்?

இனத்தை இழுத்த கருத்து மிகவும் ஆபத்தானது. இனங்களுக்கிடையே பகைமையைத் தூண்டும் பேச்சு 1948ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டத்துக்குள் வரும். அங்கே “உண்மைதானே”, “நல்ல எண்ணத்தில்தானே” என்ற எதுவும் எடுபடாது. வீட்டு முகவரியையும் கார் எண்ணையும் போடுவது 2025 ஜூலை முதல் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தத்தின்கீழ், தொல்லை கொடுக்கும் நோக்கம் இருந்தால், தனிக் குற்றம். இணையத்தில் எழுதியதற்காகப் போலீஸ் வழக்கமாக எடுக்கும் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவிலும் தண்டனை கூடியிருக்கிறது: 2025 பிப்ரவரிக்கு முன் 50,000 வெள்ளியாக இருந்த அதிகபட்ச அபராதம் இப்போது 5 லட்சம், சிறை ஓராண்டிலிருந்து இரண்டாண்டு.

இன்றே செய்ய வேண்டியது: அந்தக் கருத்துகளைத் தேதி, நேரம், எழுதியவர் பெயர் தெரியும்படி திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துவிட்டு நீக்குங்கள். குழுவில் புதிய பதிவுகளை நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளிவரும்படி அமைப்பை மாற்றுங்கள். வேறு இரண்டு நம்பகமான நிர்வாகிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவரின் புலனத் தகவல்களை அழிக்க வேண்டாம். போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு அழித்தால் சாட்சியத்தை மறைத்ததாகிவிடும்.

உங்களைப் பற்றி எழுதியவை

உங்கள் நடத்தையைப் பற்றி எழுதியவர்களைக் குறித்து “அதுவும் அவர்கள் பேச்சுரிமையா” என்று வேதனையோடு கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அம்மா. 2024 ஜூலையில் டிக்டாக்கில் தொடர்ந்து அவமதிக்கப்பட்ட நம் சமூகத்துப் பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதும், அந்த வழக்கில் ஒருவருக்கு வெறும் 100 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டதும் நாடே அறிந்தது. அந்தக் கொதிப்பிலிருந்து வந்ததுதான் நான் மேலே சொன்ன 2025 திருத்தம். மிரட்டும், இழிவுபடுத்தும் சொற்களால் ஒருவரை வேண்டுமென்றே துன்புறுத்துவதற்கு மூன்றாண்டுவரை சிறை உண்டு. திரைப்பிடிப்புகளோடு போய்ப் போலீஸ் புகார் கொடுங்கள். வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டிருக்கும் அதே நிலையத்திலேயே கொடுக்கலாம்.

எங்கே சொன்னால் சட்டம் காக்கும்

ஒரே விஷயத்தை முகநூலில் சொன்னால் ஒரு விளைவு, உரிய இலாகாவில் சொன்னால் வேறு விளைவு. போலீஸ் புகாரில் எழுதியதை வைத்து அவதூறு வழக்குப் போட முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. (தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பது தனிக் குற்றம், புகாரைப் படம் எடுத்து முகநூலில் போட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.) லஞ்சம் பற்றி யாருக்காவது நேரடியாகத் தெரிந்தால் அவர் ஊழல் தடுப்பு ஆணையத்திடம் போக வேண்டும். தகவல் தருபவரின் அடையாளத்தை 2009ஆம் ஆண்டு ஆணையச் சட்டம் காக்கிறது.

மழை இரவுகளில் கழிவுக் குளத்தின் மதகைத் திறந்துவிடுவதைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கணவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உங்கள் கடிதத்திலேயே கனமான தகவல் இதுதான், நல்லவேளை அதை முகநூலில் போடவில்லை. 2010ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்க அமைப்பிடம் நேரடியாகச் சொல்பவரைத்தான் காக்கும். பத்திரிகையிடமோ, முகநூலிலோ, தொகுதி அரசியல்வாதியிடமோ சொன்னால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. கணவரே சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் போய், எந்தெந்த இரவு, எத்தனை மணி, எந்தக் குளம் என்று எழுதிக் கொடுத்து, தகவல் அளிப்போர் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்கட்டும். மதகைத் திறப்பது அவர் வேலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது முக்கியம், ஏனென்றால் தவறில் பங்கெடுத்தவருக்குக் கொடுத்த பாதுகாப்பைத் திரும்பப் பெறச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் காணொளியையும் தனிப் புகாராக அங்கே கொடுங்கள். ஆற்றுத் தண்ணீர் ஓடிப்போய்விடும். அடுத்த முறை கறுத்து ஓடினால் அந்த மணி நேரத்திலேயே இலாகாவைக் கூப்பிட்டால்தான் மாதிரி எடுக்க முடியும்.

இனி வாயே திறக்க மாட்டேன் என்கிறீர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு வேறு சிலவற்றையும் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும், உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும், பேசவும் கூடவும் சுதந்திரம் வேண்டும் என்றார்கள். முன்னின்ற ஆர். எச். நாதனைக் கைதுசெய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவ்வளவு விலை கொடுத்துக் கேட்ட ஒன்றை, நீக்கிவிடக்கூடிய இரண்டு வரிக்காக நீங்கள் மொத்தமாகக் கைவிட வேண்டாம். குழுவை மூடாதீர்கள். காணொளியும் இருக்கட்டும்.

மூன்று கடிதங்களுக்கும் பதில்

வழக்கறிஞர் நோட்டீஸுக்கு நீங்களாகப் பதில் எழுத வேண்டாம். கம்பெனி அனுப்பிய மன்னிப்பு வாசகத்தில் கையெழுத்தும் போட வேண்டாம். அதில் “ஆற்று நீர் பற்றிய கூற்றுகள் அனைத்தும் பொய்” என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டால் சுற்றுச்சூழல் இலாகாவில் கொடுக்கும் புகாரை நீங்களே குழிதோண்டிப் புதைத்ததாகும். லஞ்ச வரியையும் “விஷம்” என்ற வரியையும் மட்டும் திரும்பப் பெற்று, மேலாளரிடம் அவற்றுக்காக வருத்தம் தெரிவிக்கும் குறுகிய பதிலை, உங்கள் உரிமைகளுக்குப் பாதிப்பின்றி என்ற குறிப்போடு வழக்கறிஞர் மூலம் அனுப்புங்கள். 3 லட்சம் என்பது அவர்கள் கேட்கும் தொகை. நீதிமன்றம் முடிவுசெய்த தொகை இல்லை. வருத்தம் தெரிவித்தும் அவர்கள் வழக்குப் போட்டு நீதிமன்றச் சம்மன் வந்தால், அது கைக்குக் கிடைத்த 14 நாளுக்குள் ஆஜராகும் படிவத்தைப் பதிவுசெய்ய வேண்டும். தவறினால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். மாநில வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஈப்போவில் இருக்கிறது. உங்கள் வருமானத்துக்கு அங்கே உதவி கேட்கலாம்.

போலீஸ் எழுத்துமூலம் அழைத்திருப்பதால் போகத்தான் வேண்டும், வழக்கறிஞரோடு போங்கள். கேட்பதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவில் இருக்கிறது. எழுதியதைப் படித்துப் பார்த்து, புரியாத மலாய்ச் சொல் இருந்தால் விளக்கம் கேட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். கணவர் மதகைப் பற்றிச் சொன்னதை அங்கே நீங்களாக எடுத்துப் பேச வேண்டாம்.

கணவரின் காரணம் கோரும் கடிதத்துக்குக் கெடு புதன்கிழமை. மூன்றில் அதுதான் முதலில் வருகிறது, அதனால் அதை முதலில் கவனியுங்கள். அவர் சங்க உறுப்பினர் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளைச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு பதிலை எழுதச் சொல்லுங்கள். பதிவை எழுதியது அவர் இல்லை, பகிர்ந்தார் என்ற இரண்டையும் சொன்னால் போதும். உள்விசாரணை வைக்காமல் ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் நீக்கக் கூடாது. விசாரணைக்காக இடைநீக்கம் செய்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, அந்த நாள்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். அப்படியும் நீக்கிவிட்டால், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில், தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ் மனுக் கொடுக்க வேண்டும். அந்த மனு நிலுவையில் இருக்கும்போது வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாராவது வாய்மொழியாகச் சொன்னால் சாமானை எடுக்காதீர்கள்; எழுத்தில் கேட்டு வாங்கி, அன்றே எனக்கு அனுப்புங்கள்.